மேடைப் பக்கத்துக் கடல்

நவம்பர் 12, புதன். மழை இல்லை. வகுப்பு மாடியில். ஒரு சிறு பிழை: கராத்தே கட்டாத் தாளின் முப்பத்தேழாவது வரியில் 'வலது' என்று எழுதியிருக்கிறேன். அது 'முன்' என்று இருந்திருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. உறுதியில்லை. பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு சங்கமித்ரா 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். பிறகு அடித்ததற்கு மேலே மறுபடியும் 'சிறு' என்றே எழுதினாள். சிறியதாக இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அவளுக்கு இருபத்தொரு வயது. வீடு வியாசர்பாடிக் குடியிருப்பில். பகலில் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். மாலையில் ராயபுரத்தில் கராத்தே வகுப்பு. மூன்று வருடமாகப் போகிறாள், இன்னும் பச்சைப் பட்டையைத் தாண்டவில்லை. கால் ஒரு நினைப்பில் போகும், கை இன்னொரு நினைப்பில் போகும். ஆனால் வகுப்பில் நடந்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால்தான் வந்தது வினை.

வகுப்பு நடப்பது ஒரு சமூகக்கூடத்தின் மொட்டை மாடியில். ஷாஸியா மாஸ்டர் எதிரே நின்று சொல்லிக்கொடுப்பார். அவருடைய வலது எல்லோருக்கும் இடதாகிவிடும். அந்தக் குழப்பம் வேண்டாம் என்று மாடியின் நான்கு பக்கத்துக்கும் அவர் பேர் வைத்துவிட்டார். எதிரே கடல். முதுகுக்குப் பின்னால் ரயில். வலப்பக்கம் துறைமுகத்துக் கிரேன். இடப்பக்கம், தூரத்தில் மங்கலாக, எண்ணூர்ச் சிம்னி. "கடல், குத்து. கிரேன், தடு. ரயில், ஒத." இப்படித்தான் அங்கே கட்டா ஓடும். கட்டா என்பது எதிராளி இல்லாமலே போடும் சண்டை. எந்த அடிக்குப் பிறகு எந்த அடி, எந்தப் பக்கம் என்று வரிசை கட்டி வைத்திருப்பார்கள்.

இந்த வருடம் கராத்தே சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இதுவரை கிளப்புக்குக் கிளப்பு கட்டா வேறு வேறு சாயலாக இருந்தது. யூடியூபில் தேடினால் ஒரே பேரில் ஆறு விதம் வரும். இனிமேல் எல்லோருக்கும் ஒரே மாதிரி. கறுப்புப் பட்டைத் தேர்வில் நடுவர் கையில் நாற்பது வரிப் பட்டியல் இருக்கும், ஒரு வரி பிசகினாலும் பட்டை கிடையாது. அந்தப் பட்டியலை வெளியே தரமாட்டார்கள், வீடியோவும் எடுக்க விடமாட்டார்கள். வேறு சங்கத்துக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். மாஸ்டர்களுக்குத்தான் தெரியுமே, சொல்லிக்கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஷாஸியா மாஸ்டருக்கு மணலிப் பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி வேலை, ஷிஃப்ட் முறை. பாதி நாள் வகுப்புக்கு வர முடியாது. "சங்கு, உன் நோட்டுல எல்லாம் கீதே, அத்தயே முன், பின், எடம், வலம்னு மாத்தி டைப் பண்ணிக் குடு" என்றார். சங்கமித்ரா நான்கு நாள் உட்கார்ந்து செய்தாள். மாஸ்டர் கீழே கையெழுத்துப் போட்டார். லேமினேட் செய்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்கள். தன் கை பட்ட ஒன்றை ஊரே பார்த்துப் பழகுகிறது என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இனி, புதன்கிழமை மாலை நடந்தது. பவானி ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வகுப்புக்கு வந்தாள். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண். இறால் உரிக்கும் கொட்டகையில் மாலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமை யானைக்கவுனியில் நடக்கும் தேர்வுக்காக ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தாள். கட்டாவின் கடைசிப் பகுதியை அவள் மாஸ்டரிடம் கற்கவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய லேமினேட் தாளைத் தன் வீட்டு மாடிச் சுவரில் ஆணியடித்து மாட்டி, தானே பார்த்துப் பழகியிருந்தாள். பள்ளிக்கூடப் பெண்களுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். அதற்குக் கறுப்புப் பட்டைச் சான்றிதழ் வேண்டும், விண்ணப்பிக்கக் கடைசி நாள் தேர்வுக்கு அடுத்த வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை தவறினால் அடுத்த தேர்வு மே மாதம்தான். அதுவரை ஐஸில் கை ஊறிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவளும் பகலவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கட்டா போட்டார்கள். பகலவன் எலெக்ட்ரீஷியன், சங்கமித்ராவின் குடியிருப்பிலேயே அடுத்த பிளாக். அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தேர்வு. முப்பத்தாறு அடிவரை இருவரும் ஒருவர் நிழல் இன்னொருவர் போலப் போனார்கள். முப்பத்தேழில் அவன் கடலைப் பார்த்துக் குத்தினான். அவள் கிரேன் பக்கம் திரும்பிக் குத்தினாள். குத்து அவன் தோளில் விழுந்தது.

"இன்னாமே, இத்தினி நாளா எங்க போட்லாம்னு காத்துகினு இருந்தியா?" என்றான் பகலவன், தோளைத் தேய்த்துக்கொண்டே.

"நீதான் தப்பு. தாள்ல இன்னா போட்டுகீது? முப்பத்தேழு, வலது. படிச்சுப் பாரு."

அவன் பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தான். முகம் சுருங்கியது. "ஆமா, வலதுதான் போட்டுகீது. அப்போ இவ்ளோ நாளா நான் தப்பாவா போட்டுகினு இருந்தேன்?" சங்கமித்ராவைத் திரும்பிப் பார்த்தான். "சங்கு, நீதானே எழுதினே. இன்னான்னு சொல்லு."

கன்டெய்னர் எண்ணில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். முன்னால் இருக்கும் எழுத்திலோ எண்ணிலோ ஒன்று தப்பினாலும், கணக்குப் போட்டால் கடைசி இலக்கம் ஒத்துவராது. கட்டாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. எங்கே தொடங்கினாயோ அங்கேயே வந்து நிற்க வேண்டும். பகலவன் தரையில் சாக்பீஸால் போட்ட தன் குறியின்மேல் நின்றுகொண்டிருந்தான். பவானி ஓரடி தள்ளி, தண்ணீர்த் தொட்டியோரம் நின்றாள். சங்கமித்ரா இரண்டையும் பார்த்தாள்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

தாளில் இருப்பது தாளில் இருப்பதுதான் என்று பகலவன் வலப்பக்கம் குத்தப் பழக ஆரம்பித்தான். பத்துத் தடவை போட்டான். "ஓரடி தள்ளி வருதே பவானி."

"ஒட்டகக் காலு, தள்ளித்தான் வரும்."

பத்தையும் சங்கமித்ரா எண்ணினாள். ஒவ்வொன்றிலும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒருவேளை பவானியின் காலடிதான் நீளமோ? ஒருவேளை மாஸ்டரே மாற்றிச் சொன்னாரோ? ஒருவேளை பகலவன்தான் ஒரு வருடமாகத் தவறாகப் போட்டானோ? எழுதத் தெரிந்த ஒருத்தி, தான் எழுதியது தவறு என்று சாட்சி இல்லாமல் எப்படிச் சொல்வாள்? அந்தக் கட்டாவை அவள் உடம்பு அறியாது. பச்சைப் பட்டைக்கு அது கிடையாது. பார்த்து எழுதியதோடு சரி.

வியாழக்கிழமை யார்டில் மூன்று பெட்டி எண்களைத் தவறாக ஏற்றினாள். மூன்றையும் கணினி திருப்பி அனுப்பியது. பகல் பதினொன்றரைக்கு மாஸ்டரைக் கூப்பிட்டாள். எண்ணெய்க் கிடங்குக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டீ நேரத்தில் வாசலுக்கு வந்து, பெட்டியில் போட்ட போனை எடுத்து இரண்டு நிமிடம் பேசுவார்.

"மாஸ்டர், முப்பத்தேழாவது ஸ்டெப்பு எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம்."

"எந்தக் கடல் மாஸ்டர்?"

"இன்னாம்மா கேள்வி இது? ஊருக்கு எத்தினி கடல் கீது? ஞாயித்துக்கெயம எக்ஸாம வெச்சுகினு பேஜாரு பண்ணாத. வெக்கிறேன், சூப்பர்வைசர் வரான்."

மறுபடி கூப்பிட அவளுக்குத் துணிவு வரவில்லை. கேட்ட கேள்வியே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. கடல் கிழக்கேதானே இருக்கிறது, என்றைக்கும்.

மாலை வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து போன வருடத்து டைரியை எடுத்தாள். கட்டாவின் கடைசிப் பகுதி சொல்லிக்கொடுத்த நாள் எது என்று தேடினாள். கிடைத்தது.

அக்டோபர் 18, வெள்ளி. மழை. குடை கொண்டுபோகவில்லை. வகுப்பு கீழே கூடத்தில். மேடைப் பக்கம் ஒழுகுகிறது, வாளி வைத்தார்கள். எனக்கு ஜலதோஷம், உட்கார்ந்து எழுதினேன். கட்டா 33 முதல் 40. முப்பத்தேழு: கடல் (வலது).

அடைப்புக்குறியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழை நாளில் வகுப்பு மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கும். கூடத்தில் கடலும் கிடையாது, சிம்னியும் கிடையாது, நான்கு சுவர்தான். ஆனாலும் பேர்கள் மாறவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்து நிற்பார்கள், ஆகவே மேடைதான் கடல். யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. வாய்ப்பழக்கத்தில் வந்தது. அன்றைக்கு மாஸ்டர் "கடல்" என்றதும் எல்லோரும் நேரே மேடைப் பக்கம் குத்தினார்கள். குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள் அதைப் பார்க்கவில்லை. அவள் யோசித்தாள். இந்தக் கூடத்தில் மேடை வடக்கே இருக்கிறது. நிஜக் கடல் கிழக்கே, அதாவது வலப்பக்கம். மறந்துவிடக் கூடாதே என்று அடைப்புக்குறிக்குள் 'வலது' என்று போட்டுவிட்டாள். டைப் செய்யும்போது கடல் போய்விட்டது, அடைப்புக்குறிக்குள் இருந்ததுதான் நின்றது.

அலட்சியமாக எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும். கவனமாக எழுதியதால் கெட்டது.

போனை எடுத்தாள். பவானிக்கு என்று மூன்று செய்தி எழுதி மூன்றையும் அழித்தாள். ஒன்று நீளமாக இருந்தது, ஒன்று மன்னிப்பாக இருந்தது, ஒன்றில் மழையைக் குறை சொல்லியிருந்தாள். நேரில் போவதுதான் முறை.

வெள்ளிக்கிழமை விடியும்போது காசிமேட்டில் இருந்தாள். ஏலம் நடந்துகொண்டிருந்தது. பவானியும் அவள் அம்மா செல்லம்மாவும் கூடைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செல்லம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடி இது, உன் தோஸ்து மூஞ்சி ஐஸ்ல போட்ட வவ்வா மீனாட்டம் கீது? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல அத்தை. பவானிகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு" என்றாள் பவானி, கூடையைத் தூக்கிக்கொண்டே.

சங்கமித்ரா சொன்னாள். வரிசையாக, தேதியோடு சொன்னாள். மழை, கூடம், மேடை, அடைப்புக்குறி. பவானி கூடையை ஆட்டோவில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் வைத்தாள். மூன்றாவதை எடுக்கவில்லை.

"எத்தினி வாட்டி போட்டிருப்பேன் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. எண்ணியிருந்தா, அத்தினி வாட்டி இந்தாண்ட போட்டு அயிச்சிடலாம்." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. "புதங்கெயமையே தெரியுமா உனக்கு?"

"சந்தேகமா இருந்தது."

"சந்தேகமா இருக்க சொல்லோ சொல்லணும்டி. தெரிஞ்சப்புறம் சொல்றதுக்கு நீ எதுக்கு? நடுவர் சொல்லிடுவாரே."

செல்லம்மா ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் குத்துனா இன்னாடி? குத்து குத்துதானே? எதிர்ல நிக்கிறவன் வரிசை பாத்தா வரப்போறான்?"

"அம்மா, நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் கீறேன். இந்தக் கூடையும் சும்மாதான் கீது. ஏத்து."

அன்று மாலை மழை. வகுப்பு கூடத்தில், மேடைப் பக்கம் வாளியோடு. ஷாஸியா மாஸ்டர் வந்திருந்தார். எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு சங்கமித்ரா முன்னால் போய்ச் சொன்னாள். மழைச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

"சங்கு, எங்களுக்குச் சங்கு ஊதிட்டியேமே" என்றான் பகலவன். சிலர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் உடனே மூலைக்குப் போய் முன்பக்கம் குத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஒரு வருடப் பழக்கம். நாலாவது தடவை சரியாக வந்தது. அவனுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. பவானிக்கு அப்படி இல்லை.

மாஸ்டர் தாளைக் கையில் வாங்கி, கீழே இருந்த தன் கையெழுத்தையே பார்த்தார். "நானும் படிக்காமத்தான் போட்டிருக்கேன். நாப்பது வரி, யாரு படிக்கிறது, நம்ம சங்கு எழுதினா சரியாத்தான் இருக்கும்னு." தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "போன்ல கேட்டியே, எந்தக் கடல்னு. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்றார். பழியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். மீதிப் பாதி குறைந்ததாக சங்கமித்ராவுக்குத் தோன்றவில்லை.

பவானி பத்துத் தடவை போட்டாள். மூன்று சரி, ஏழு தவறு. முப்பத்தாறு முடிந்ததும் இடுப்பு தானாகவே வலப்பக்கம் திரும்பிவிடும். முன், முன் என்று வாயால் சொல்லிக்கொண்டே வலப்பக்கம் குத்தினாள்.

"முன் பின்லாம் இந்த உடம்புக்குத் தெரியாது மாஸ்டர்" என்றாள், மூச்சு வாங்க. "அதுக்குப் பேரு வேணும். கடல்னு வெச்சீங்க, அது மய வந்தா எடம் மாறுது. நாளன்னிக்கு யானைக்கவுனில கடல் எந்தாண்ட இருக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? அங்க எதிர்ல இன்னா இருக்கும்?"

"நடுவர் மேசை இருக்கும்."

"அப்போ மேசை. கடல வுட்டுடுங்க. மேசைய குத்துறேன்."

வாளியை நகர்த்திவிட்டு மேடைக்கு முன்னால் ஒரு மேசையை இழுத்துப் போட்டார்கள். பின்னால் நாற்காலியில் மாஸ்டர் நடுவர்போல உட்கார்ந்தார். அடுத்த பத்தில் ஐந்து சரியாக வந்தது.

சனிக்கிழமை யார்டில் அரை நாள்தான். சங்கமித்ரா நேரே யானைக்கவுனிக்குப் போனாள். தேர்வு நடக்கும் மண்டபம் ஒரு மொத்த வியாபாரத் தெருவுக்குள் இருந்தது. காவல்காரர் ராசையா சாவிக்கொத்தோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். கரண்ட் இல்லை, உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"ஐயா, நாளைக்குக் கராத்தேக்காரங்களுக்கு மேசை எங்க போடுவாங்க?"

"மேடை எதிர்லதான் போடுவாங்க. போன வாட்டி அங்கதான்."

அவள் டைரியில் குறித்துக்கொண்டாள். மேசைக்கு எதிரே வாசல், வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் கல்வெட்டு.

"ஆனா மய பெய்ஞ்சா மேல ஒயுகும்மா" என்றார் ராசையா. "அப்போ இந்தாண்ட ஜன்னலோரம் போட்டுடுவாங்க."

எழுதிய கை நின்றுவிட்டது. "எப்போ தெரியும் ஐயா, எங்க போடுவாங்கன்னு?"

"காலீல வந்து பாத்தாத்தான். இதுக்கு எதுக்கும்மா மொகம் இப்படிப் போவுது? எங்க போட்டாலும் மேசை மேசைதானே."

பவானிக்கு அது போதும். சங்கமித்ராவுக்கு அது போதவில்லை. மண்டபத்தில் கால்போன போக்கில் நான்கு பக்கமும் நடந்து பார்த்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி, முதல் ஆறு அடிகளைப் போட்டுப் பார்த்தாள். பச்சைப் பட்டைக்குக் கிடையாத கட்டா. ஆறாவதிலேயே கால் பிசகியது. ராசையா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை மாடி காய்ந்திருந்தது. ஆனாலும் மாஸ்டர் எல்லோரையும் கூடத்தில்தான் நிறுத்தினார். பயிற்சியின் பாதியில் மேசையை மேடைக்கு முன்னாலிருந்து எடுத்துப் பக்கச் சுவரோரம் போடச் சொன்னவள் சங்கமித்ரா. மாஸ்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "போடுங்க" என்றார். பவானி மேசை இருந்த பக்கம் திரும்பி நின்று தொடங்கினாள். பத்துக்கு ஏழு. ஏழாவது சரியானதும் சாக்பீஸ் குறியின்மேல் நின்றபடி கீழே தன் பாதத்தைப் பார்த்தாள். புறப்படும்போது சங்கமித்ராவின் பையிலிருந்து, திரும்ப வாங்கியிருந்த தன் பழைய லேமினேட் தாளை பவானியே உருவி எடுத்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும்."

"கிழிச்சுடலாமே?"

"லேமினேட்டைக் கிழிக்க முடியாதுடி. ஆணில மாட்டித்தான் வெக்கணும், எயுத்து சொவத்தப் பாத்தாப்பல திருப்பி."

நவம்பர் 15, சனி. மழை இல்லை, ஆனால் மேகம் இருக்கிறது. வகுப்பு கூடத்தில். பவானி 7/10, பகலவன் 10/10. தாளில் முப்பத்தேழாவது வரி 'முன்' என்று திருத்தப்பட்டது. மாஸ்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். மற்ற முப்பத்தொன்பது வரிகளை அவரோடு இன்னும் சரிபார்க்கவில்லை.

நாளை: ஆறரை மணிக்கு யானைக்கவுனி. மேசையை எங்கே போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாற்றியிருந்தால் எட்டு மணிக்குள் பவானியிடமும் பகலவனிடமும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். குடை.